இறுகிப்போன ஏ.சி. கம்ப்ரசர் கிளட்சைக் கழற்றுதல்: பழைய கார்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஏ.சி. கம்ப்ரசரின் முன்பக்கத்தில் இருக்கும் கிளட்ச் மூன்று விதமாக இறுகிப்போகிறது. முன்தட்டு புல்லியின் முகத்தோடு உருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். புல்லிக்குள் இருக்கும் பேரிங் காய்ந்து சிக்கியிருக்கலாம். அல்லது கிளட்ச் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்க, அதன் நடுப்பகுதியான ஹப் மட்டும் துருப்பிடித்து ஷாஃப்டை விட மறுக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு என்பதால், எது இறுகியிருக்கிறது என்று உறுதியாகத் தெரியும் வரை ஸ்பேனரைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. கிளட்சைக் கழற்றும்போது உடைந்துபோகும் பாகங்களில் பெரும்பாலானவை, தவறான இடத்தில் விசையைக் கொடுத்ததாலேயே உடைகின்றன.

இந்த வழிகாட்டி, பட்டறைகளில் '508' என்றே அழைக்கப்படும் சாண்டன் எஸ்.டி. 508 கம்ப்ரசரையும் அதே அமைப்பில் வந்த 5எச்14 கம்ப்ரசரையும் அடிப்படையாகக் கொண்டது. அம்பாசடர் தொடங்கி ஜீப் வரை, பின்னாளில் ஏ.சி. பொருத்தப்பட்ட பழைய வண்டிகள் பலவற்றில் இதையோ இதன் நகல்களையோதான் காண முடிகிறது. ஐந்து சிலிண்டர்களும் ஏறத்தாழ 138 கன செ.மீ. கொள்ளளவும் கொண்ட இந்தக் கம்ப்ரசரில், முன்தட்டை ஒரு நட் பிடித்திருக்கும். ஹப்புக்கும் ஷாஃப்டுக்கும் இடையில், இரண்டையும் சேர்ந்து சுழலவைக்கும் கீ என்னும் சிறிய இரும்புத் துண்டு உட்கார்ந்திருக்கும். நட்டுக்குப் பதிலாக போல்ட் வைத்திருக்கும் டென்சோ வகையைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

கிளட்ச் வேலை செய்யும் விதம்

பெல்ட் ஓடும்போதெல்லாம் புல்லியும் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் அது ஷாஃப்டோடு இணைந்திருப்பதில்லை. கம்ப்ரசரின் அலுமினிய மூக்கின் மேல் ஓர் இரட்டை வரிசை பேரிங்கில் தனியாக உருள்கிறது. புல்லிக்குப் பின்னால் 'காயில்' எனப்படும் கம்பிச்சுருள் அசையாமல் நிற்கிறது. சுவிட்சைப் போட்டதும் காயில் காந்தமாகி, முன்தட்டைப் புல்லியின் முகத்தோடு இழுத்து ஒட்டவைக்கிறது. மின்சாரம் நின்றதும், முன்தட்டில் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்ட பட்டை ஸ்பிரிங்குகள் அதைத் திரும்ப இழுத்துவிடுகின்றன. இந்தப் போக்குவரத்துக்கு இருக்கும் இடைவெளி 0.4 முதல் 0.8 மி.மீ. வரைதான். தேய்மானத்தால் அந்த இடைவெளி கூடினாலும், காயிலுக்குப் போகும் வோல்டேஜ் குறைந்தாலும், தட்டு முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டினால் பேரிங்கின் கிரீஸ் உருகி வெளியேற்றம், கடைசியில் தட்டும் முகமும் ஒன்றோடொன்று உருகி ஒட்டுதல் என்று கோளாறு சங்கிலியாக நீளும்.

எது இறுகியிருக்கிறது என்பதைக் கண்டறிதல்

எஞ்சினை அணைத்து, குளிரவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட வேண்டும். கண்டென்சரின் மின்விசிறி சில வண்டிகளில் எஞ்சின் நின்ற பின்பும் தானாகத் திரும்பும் என்பதால், இந்த ஒரு வயரைக் கழற்றாமல் அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது. அதன் பிறகு கம்ப்ரசர் பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றிவிட்டு, முதலில் புல்லியையும் அடுத்து முன்தட்டையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

புல்லி மட்டும் தனியாகச் சுற்றி, முன்தட்டு அசையவே மறுத்தால், கோளாறு கிளட்சில் இல்லை. கம்ப்ரசர் உள்ளேயே சிக்கிவிட்டது. அந்த நிலையில் புதுக் கிளட்ச் போடுவது வீண்செலவு, அதுவும் கருகிப்போகும். புல்லி அசையாமல் நின்றாலோ, கரகரவென்ற உராய்வோடு திணறித் திரும்பினாலோ, பேரிங் போய்விட்டது. மின்சாரம் இல்லாதபோதும் புல்லியைச் சுற்றினால் முன்தட்டும் கூடவே சுற்றுகிறது என்றால், தட்டு முகத்தோடு ஒட்டியிருக்கிறது. முன்தட்டைத் தனியாகச் சுற்றும்போது சிறு சிறு தடைகளோடு சீராகத் திரும்பினால் கம்ப்ரசர் நலமாக இருக்கிறது. பிஸ்டன்கள் கேஸை அழுத்துவதால்தான் அந்தத் தடைகள் உணரப்படுகின்றன.

தட்டு ஒட்டிப்போன வண்டியில் கம்ப்ரசரின் நிலையை இப்படிப் பிரித்தறிய முடியாது. அங்கே புல்லியைச் சுற்றும்போது மொத்தமும் திரும்பினால் கம்ப்ரசர் நலம் என்றும், எதுவுமே திரும்பாவிட்டால் பேரிங் அல்லது கம்ப்ரசர் என்றும் வைத்துக்கொண்டு, முன்தட்டைக் கழற்றிய பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

முன்தட்டைச் சுற்றியும் அதற்கு நேர்க்கீழேயும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் ஷாஃப்ட் சீல் கசிகிறது. அந்த எண்ணெய் தட்டின் முகத்தில் படிந்துதான் கிளட்ச் வழுக்கியிருக்கும் என்பதால், சீலை மாற்றாமல் கிளட்சை மட்டும் மாற்றினால் அதே கோளாறு திரும்ப வரும். சீல் மாற்றுவதற்குக் கேஸை முழுவதுமாக வெளியேற்ற வேண்டும். அது கேஸை மீட்டெடுக்கும் இயந்திரம் உள்ள ஏ.சி. கடையின் வேலை. கிளட்ச் வேலைக்கு அது தேவையில்லை. கிளட்சின் எல்லாப் பாகங்களும் சீலுக்கு வெளியே இருப்பதால், ஒரு குழாயைக்கூடத் திறக்காமல் அனைத்தையும் கழற்றி மாட்டிவிடலாம். கேஸ் விடாமல் கிளட்ச் மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால், அவர் கம்ப்ரசரையே வெளியே எடுத்துவிட்டு வேலை செய்வது தமக்கு வசதி என்பதைத்தான் சொல்கிறார்.

கருவிகளும் இடமும்

வழக்கமான ஸ்பேனர்களுக்கு அப்பால், முன்தட்டை அசையாமல் பிடிக்க இரண்டு முள் கொண்ட பிடிகருவி, மூன்று போல்ட் கொண்ட முன்தட்டுப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி), புல்லியை இழுக்கும் நகப் புல்லர், உள் சர்க்ளிப்புக்கும் வெளிச் சர்க்ளிப்புக்குமான (பாகங்களைக் காடியில் நிறுத்தும் வளையங்கள்) இடுக்கிகள், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், துரு இளக்கும் எண்ணெய் ஆகியவை வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், துருப்பிடித்த சர்க்ளிப் தெறிக்கும் வேகம் கண்ணைப் பறிக்கப் போதுமானது.

கிளட்சுக்கு முன்னால் புல்லரைச் சுழற்ற ஒரு சாண் இடமாவது தேவைப்படும். ரேடியேட்டர் விசிறியோ சேசிஸ் சட்டமோ இடித்தால், கம்ப்ரசரைத் தாங்கும் போல்டுகளைக் கழற்றி, குழாய்கள் இணைந்திருக்கும் நிலையிலேயே அதைச் சற்றுத் திருப்பி, கம்பியால் கட்டித் தொங்கவிடலாம். அதன் எடை குழாய்களில் விழக் கூடாது. வயதான ரப்பர் குழாய்கள் ஒரு முறை மடங்கினால் போதும், முனைக்கருகில் விரிசல் விட்டு, சில நாட்களில் கேஸ் முழுவதும் போய்விடும்.

முன்தட்டைக் கழற்றுதல்

வேலைக்கு முந்தைய இரவே நட்டின் மேலும், ஹப்பும் ஷாஃப்டும் சேரும் வளையத்திலும் துரு இளக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டுவைப்பது, மறுநாள் புல்லரில் செலவாகும் பலத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். எண்ணெயைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. தட்டுக்கும் முகத்துக்கும் இடையில் அது புகுந்தால், மறுபடியும் பயன்படுத்த நினைக்கும் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

முன்தட்டில் மூன்று மரைத் துளைகள் இருக்கும். பிடிகருவியின் இரண்டு முட்களை அவற்றில் இரண்டில் நுழைத்து, தட்டு திரும்பாதபடி பிடித்துக்கொண்டு, நடு நட்டை இடப்பக்கமாகச் சுற்றிக் கழற்ற வேண்டும். பெரும்பாலான 508களில் இந்த நட் 19 மி.மீ. சாக்கெட்டுக்குப் பொருந்தும். பிடிகருவி இல்லாதபோது ஸ்க்ரூடிரைவரைத் தட்டின் சந்தில் செருகி நிறுத்துவது வழக்கத்தில் இருந்தாலும், பட்டை ஸ்பிரிங்குகளை வளைத்துவிடும் மிக விரைவான வழி அதுதான். இரண்டு நீள போல்டுகளைத் துளைகளில் பொருத்தி, அவற்றுக்கிடையில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து நெம்பிப் பிடித்தால் அதே வேலை கெடுதலின்றி நடக்கும்.

நட் வந்த பிறகு புல்லரின் மூன்று போல்டுகளையும் துளைகளில் கைவிரலால் மட்டுமே சுற்றி இறக்க வேண்டும். மூன்றும் ஒரே ஆழத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அவற்றின் முனைகள் மறுபுறம் வெளியேறி உள்ளே எதிலும் முட்டக் கூடாது. புல்லரின் நடுத் திருகை ஷாஃப்டின் நடுக்குழியில் நேராக உட்காரவைத்து, மெதுவாக வலப்பக்கம் சுற்றினால், நல்ல நிலையில் இருக்கும் ஹப் ஒரு சிறிய 'டக்' ஒலியோடு விடுபடும்.

ஹப் வர மறுத்தால்

பெரும்பாலான பழைய வண்டிகளில் வேலை இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. திருகு இறுகியும் ஹப் அசையாத நிலையில், இன்னும் பலம் கொடுத்தால் மூன்று மரைகளில் ஒன்று பிய்த்துக்கொண்டு வரும். அதன் பிறகு இழுவை ஒருபக்கமாகி, நிலைமை மோசமாகும். ஆகவே, புல்லர் நன்றாக இறுகியதும் அதை அப்படியே விட்டுவிட்டு, ஹப்பின் ஓரத்தில் இன்னும் இரண்டு துளி எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இழுவையில் இருக்கும் இணைப்புக்குள் எண்ணெய் தானாக இறங்கும். பிறகு நடுத் திருகின் தலையில் சிறிய சுத்தியலால் ஒரே ஒரு மெல்லிய தட்டு, கால் சுற்று இறுக்கம், மறுபடியும் காத்திருப்பு என்று மாறி மாறிச் செய்தால், பிடிவாதமான ஹப்புகளில் பெரும்பகுதி இறங்கி வந்துவிடும்.

புல்லர் இல்லாமல் ஷாஃப்டின் முனையில் நேரடியாகச் சுத்தியலால் அடிப்பது இதற்கு நேர்மாறான காரியம். ஷாஃப்டின் பின்னால் பிஸ்டன்களை இயக்கும் சாய்தட்டும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் உள்ளன. அடி முழுவதும் அவற்றில் விழும். அன்றைக்கு ஹப் கழன்று வந்தாலும், கம்ப்ரசரின் ஆயுள் அங்கேயே முடிந்திருக்கலாம்.

சூடேற்றுவதிலும் அதே கவனம் வேண்டும். ஹப்பை மட்டும் சூடேற்றினால் அது விரிந்து ஷாஃப்டை விடும் என்பது சரிதான். ஆனால் ஹப்புக்கு ஓரங்குலம் பின்னால் ஷாஃப்ட் சீல் இருக்கிறது. அதன் பின்னால் அழுத்தத்தில் கேஸ் இருக்கிறது. தீச்சுவாலையை அங்கே கொண்டுபோகவே கூடாது. கசியும் ஆர்-134ஏ கேஸ் தீயில் சிதைந்தால் ஹைட்ரஜன் புளோரைடு உண்டாகும். 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய பெரும்பாலான கார்களில் இருந்த ஆர்-12 கேஸ் சிதைந்தால் அதோடு பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவும் உண்டாகலாம். ஹீட் கன்னால், ஹப்பின் வெளிவட்டத்தை மட்டும், புல்லர் இறுகியிருக்கும் நிலையில், கை பட்டால் சுடும் அளவுக்கு ஒரு நிமிடம் போலச் சூடேற்றுவது வரைதான் ஏற்கத்தக்கது. சீல் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும் கம்ப்ரசரில் அதுவும் வேண்டாம்.

மரைத் துளைகள் பழுதாகியிருந்தால், அடுத்த பெரிய அளவுக்கு டேப் என்னும் கருவியால் மரை வெட்டி, அதற்கேற்ற போல்டுகளால் இழுக்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் முன்தட்டைப் பலிகொடுக்க வேண்டியதுதான். பட்டை ஸ்பிரிங்குகளை ஹப்போடு பிணைத்திருக்கும் ரிவெட்டுகளின் தலைகளை டிரில் செய்து எடுத்துவிட்டால், தட்டு தனியாகக் கழன்று, நடுவில் ஹப் மட்டும் எஞ்சும். அதன் விளிம்புக்குப் பின்னால் ஒரு சிறிய இருநகப் புல்லரைப் பொருத்தி நேராக இழுக்கலாம். தட்டு முகத்தோடு உருகி ஒட்டியிருக்கும் கிளட்சிலும் இந்த முறை உதவும்: ஹப் போன பிறகு, தட்டைப் புல்லியோடு சேர்த்தே வெளியே எடுத்துவிடலாம். அவை இரண்டும் எப்படியும் குப்பைக்குப் போகப் போகின்றன. அவற்றைப் பிரிக்க உளியோடு போராடுவது நேர விரயம்.

ஹப் வந்ததும் கீயைத் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தட்டி எடுத்து, ஷாஃப்டில் இருக்கும், தட்டின் இடைவெளியைத் தீர்மானிக்கும் மெல்லிய ஷிம் வளையங்களை அவை இருந்த எண்ணிக்கையிலேயே ஒரு டப்பாவில் போட்டுவைக்க வேண்டும். சில வேளைகளில் அவை ஹப்பின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். தூக்கிப் போடும் முன் ஹப்பின் உள்ளேயும் பார்க்க வேண்டும். இப்போது நட்டை மட்டும் ஷாஃப்டில் திரும்ப ஏற்றி, சாக்கெட்டால் வலப்பக்கம் மெதுவாகச் சுற்றிப் பார்த்தால், கம்ப்ரசர் நலமா இல்லையா என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்துவிடும்.

புல்லியும் பேரிங்கும்

புல்லியை இரண்டு சர்க்ளிப்புகள் சம்பந்தப்பட்டுப் பிடித்திருக்கும். பேரிங்கைப் புல்லிக்குள் நிறுத்தும் உள் சர்க்ளிப் வெளியே தெரிந்தால் முதலில் அதையும், அடுத்து கம்ப்ரசரின் மூக்கில் இருக்கும் வெளிச் சர்க்ளிப்பையும் எடுக்க வேண்டும். துருப்பிடித்த சர்க்ளிப்பை உடனே விரிக்க முயன்றால் அதன் காது ஒடியும். எண்ணெய் விட்டு, பித்தளைக் கம்பியால் அதன் சுற்றளவில் மெல்லத் தட்டி, காடிக்குள் அது சற்றே வழுகித் திரும்புவதைக் கண்ட பிறகு இடுக்கியை மாட்டினால் முழுதாக வரும்.

ஷாஃப்டின் முனை சிதையாதபடி அதன் மேல் புல்லரின் பாதுகாப்புக் குமிழை வைத்து, புல்லரின் நகங்களை உள் சர்க்ளிப் இருந்த காடியில் மாட்டி இழுக்க வேண்டும். புல்லியின் வெளி விளிம்பைப் பிடித்து இழுத்தால் பெல்ட் ஓடும் பள்ளம் வளைந்துவிடும். வளைந்த புல்லி பெல்ட்டைத் தின்றுகொண்டே இருக்கும்.

பேரிங் முழுவதும் சிதைந்துபோன கிளட்சில், புல்லி மட்டும் கையோடு வந்து, பேரிங்கின் உள்வளையம் கம்ப்ரசரின் மூக்கிலேயே தங்கிவிடுவது உண்டு. மூக்கு அலுமினியம், வளையம் எஃகு. இதை மறந்தால் கம்ப்ரசரையே இழக்க நேரிடும். ஷாஃப்ட் சீல் இருக்கும் துளையைத் துணியும் கிரீஸும் கொண்டு நன்றாக அடைத்துவிட்டு, சிறிய கிரைண்டரால் வளையத்தின் ஓரிடத்தில் குறுக்காகக் காடி வெட்ட வேண்டும். வளையத்தின் தடிமனில் நான்கில் மூன்று பங்கு வரை வெட்டியதும் நிறுத்திவிட்டு, அந்தக் காடியில் உளியை வைத்து ஒரு முறை தட்டினால், கடினமான எஃகு பிளந்து தன் பிடியை விட்டுவிடும். முழுதும் வெட்டி முடிக்க ஆசைப்பட்டால் கிரைண்டர் அலுமினியத்தில் இறங்கும். மூக்கில் சிறு கீறல்கள் இருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்த பிறகே அடைப்பை எடுக்க வேண்டும்.

காயில் கடைசியாக வரும். வயரின் கிளிப்பைக் கழற்றி, காயிலைப் பிடித்திருக்கும் சர்க்ளிப்பை எடுத்தால் அது கையோடு வந்துவிடும். பின்புறத்தில் இருக்கும் சிறு முனை கம்ப்ரசரின் எந்தக் குழியில் உட்கார்ந்திருந்தது என்பதைப் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். காயில் சுழலாமல் நிறுத்துவது அந்த முனைதான்.

டென்சோ வகையில் உள்ள வேறுபாடு

டொயோட்டா போன்ற ஜப்பானியக் கார்கள் பலவற்றில் இருக்கும் டென்சோ 10பி வரிசைக் கம்ப்ரசர்களில் நட்டும் கீயும் கிடையாது. ஷாஃப்டின் முனையில் ஒரு சிறிய போல்ட் இருக்கும். ஹப் பல்வரிசையில் உட்கார்ந்திருக்கும். போல்ட்டை எடுத்த பிறகு ஹப்பின் நடுத்துளையிலேயே பெரிய மரை ஒன்று தெரியும். பெரும்பாலும் அது எட்டு மி.மீ. மரை. அதற்கேற்ற நீள போல்டைச் சுற்றி இறக்கினால், அதன் முனை ஷாஃப்டை அழுத்த, ஹப் தானாக வெளியே தள்ளப்படும். ஷாஃப்டின் உள்மரை நசுங்காமலிருக்க, போல்டின் முனையைத் தட்டையாகத் தேய்த்துவைப்பது அவசியம். இடைவெளி அளவும் இங்கே குறைவு, 0.35 முதல் 0.65 மி.மீ. வரை என்பது பொதுவான வரம்பு. சரியான எண்ணை அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுப் பாகமும் திரும்பப் பொருத்துவதும்

508க்கான கிளட்சுகள் ஒற்றைப் பள்ளம், இரட்டைப் பள்ளம், பல வரிப் பள்ளம் என்று பல புல்லிகளில், வெவ்வேறு விட்டங்களில் கிடைக்கின்றன. சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் வாங்குபவர்கள் விட்டத்தையும் பள்ளத்தையும் சரிபார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். காயிலின் வோல்டேஜைப் பார்ப்பதில்லை. இதே கம்ப்ரசர் லாரிக்கும் பேருந்துக்கும் 24 வோல்ட் காயிலோடு வருகிறது. அதைக் காரில் போட்டால் கிளட்ச் பிடிப்பது போலத் தெரியும், ஆனால் போதிய பலமில்லாமல் வழுக்கிக்கொண்டே இருந்து, சில வாரங்களில் மறுபடியும் உருகி நிற்கும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காயில் மூன்று ஓமை ஒட்டிக் காட்டும். 24 வோல்ட் காயில் அதைப் போல நான்கு மடங்கு காட்டும். 12 வோல்ட்டில் நல்ல காயில் 3.6 முதல் 4.2 ஆம்பியர் வரை எடுக்கும்.

பொருத்தும்போது காயிலின் முனையைக் குழியில் உட்காரவைத்து, சர்க்ளிப்புகளின் சாய்ந்த விளிம்பு வெளிப்பக்கம் பார்க்கும்படி மாட்ட வேண்டும். புல்லியைத் தட்டி ஏற்றும்போது அடி பேரிங்கின் உள்வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். அதற்கு அந்த அளவுள்ள ஒரு குழாய்த் துண்டு போதும். முழுதும் உட்கார்ந்ததும் அடியின் ஒலி தெளிவாக மாறும். பிறகு பழைய ஷிம்களை வைத்து, கீயைப் பொருத்தி, ஹப்பின் காடியை அதற்கு நேராக்கி ஏற்றி, நட்டை ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். ஃபீலர் கேஜால் மூன்று இடங்களில் இடைவெளியை அளந்து, குறைவாக இருந்தால் ஷிம் சேர்த்து, கூடுதலாக இருந்தால் எடுத்து, 0.4க்கும் 0.8க்கும் இடையில் கொண்டுவர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அளவு மாறினால் தட்டு வளைந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஷிம்மால் ஈடுகட்ட முடியாது.

பெல்ட் மாட்டி, பேட்டரியை இணைத்து, ஏ.சி.யைப் போட்ட நிலையில் காயிலின் முனையில் வோல்டேஜை அளக்க வேண்டும். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், காயிலுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயின் முனைகள் கருகியிருக்கலாம், அல்லது எர்த் சரியில்லாமல் இருக்கலாம். ஒற்றை வயர் காயிலில் கம்ப்ரசரின் உடலே எர்த் என்பதால், பெயின்ட்டும் துருவும் மூடிய பிராக்கெட்டே அந்தக் கிளட்சை முதலில் எரித்த குற்றவாளியாக இருக்க வாய்ப்புண்டு. கம்ப்ரசரின் போல்டுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையில் தனியாக ஒரு வயர் இழுத்துவிடுவது மலிவான தீர்வு.

எஞ்சின் மிதமான வேகத்தில் ஓடும்போது ஏ.சி. சுவிட்சைச் சில விநாடி இடைவெளியில் பல முறை போட்டு அணைத்தால், புதிய தட்டும் முகமும் ஒன்றோடொன்று படியும்; அதுவரை முதல் சில பிடிப்புகளில் லேசான கீச்சொலி கேட்பது இயல்பே. சில நாள் ஓட்டத்துக்குப் பின் பெல்ட்டின் இறுக்கத்தையும், எஞ்சின் குளிர்ந்த நிலையில் அந்த இடைவெளியையும் இன்னொரு முறை அளந்து, எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.